பின் ஆசனத்துப் பட்டி யாருக்காக?

2025 செப்டெம்பர் 1 முதல் அதிவேக நெடுஞ்சாலைகளில் பின் ஆசனத்தில் இருப்பவர்களும் ஆசனப்பட்டி அணிந்தாக வேண்டும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்து எனக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் ஒன்றைத்தான் கேட்கின்றன: அடிபட்டால் எனக்குத்தானே, அரசாங்கத்துக்கு என்ன? நியாயமான கேள்வி. உயிர்காக்கவே சட்டம் என்ற அதிகாரிகளின் வழக்கமான பதில் அதற்குப் போதாது. அந்தக் காரணத்தைச் சொல்லி மலையேறுவதையும் கடலில் நீந்துவதையும் தடுக்கலாம். அரசாங்க ஆஸ்பத்திரிச் செலவைக் காட்டினாலோ, தேநீரில் போடும் சீனிக்கும் தண்டம் விதிக்க வேண்டிவரும்.

சரியான பதில் முன் ஆசனத்தில் இருக்கிறது. மணிக்கு 100 கிலோமீற்றரில் போகும் வான் மோதி நின்றால், பின்னால் பட்டியில்லாமல் இருப்பவரின் உடல் நிற்காது. அதே வேகத்தில் முன்னே பாயும். அது போய் விழுவது, பட்டி அணிந்து விலக வழியில்லாமல் இருப்பவர் மேல். 2002இல் லான்செட் இதழில் வெளிவந்த ஜப்பானிய ஆய்வின்படி, அப்படி முன்னால் இருப்பவர் இறக்கும் அபாயம் ஏறக்குறைய ஐந்து மடங்காகிறது. ஆபத்தை விரும்பி ஏற்பவர் ஒருவர், சாகிறவர் இன்னொருவர் என்றால் அது தனிமனித விருப்பம் ஆகாது. உதாரணமாக, 2024 ஏப்ரலில் தியத்தலாவை பொக்ஸ் ஹில் கார்ப் பந்தயத்தில் பாதையை விட்டு விலகிய கார் பார்வையாளர்கள் மேல் பாய்ந்து 7 பேர் இறந்தார்கள். அவர்களும் விரும்பித்தானே போனார்கள் எனலாம். ஆனால் அவர்கள் பந்தயம் பார்க்கத்தான் போனார்கள். பாதைக்கு எவ்வளவு அருகில் நிற்கலாம் என்பதை ஏற்பாட்டாளர்கள்தான் தீர்மானித்திருக்க வேண்டும். சட்டம் தலையிட வேண்டிய இடம் அதுதான். பந்தயத்தையே தடை செய்யத் தேவையில்லை.

இந்த விதி அதிவேக நெடுஞ்சாலையோடு நின்றுவிடுவதுதான் எனக்கு உறுத்துகிறது. 50 கிலோமீற்றர் வேகத்தில் மோதுவது சுமார் 10 மீற்றர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாம் மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். காலி வீதியில் அந்த வேகத்துக்கு அனுமதி உண்டு; பின் ஆசனத்துக்குப் பட்டி கட்டாயமில்லை. 2011இல் வந்த விதி முன் ஆசனங்களோடு நின்றது. 2025 மே மாதம் 20க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட கொத்மலை பஸ் விபத்து நடந்ததும் அதிவேக நெடுஞ்சாலையில் அல்ல.

இனி, மற்றச் சில கேள்விகள். காரில் தனியாகப் போகிறவருக்கு ஏன் பட்டி? முதல் அடியில் ஆசனத்தை விட்டுத் தூக்கி எறியப்பட்டவரால் காரை எதிரே வருபவரிடமிருந்து திருப்ப முடியாது.

குழந்தையை மடியில் வைக்கலாமா? கூடாது; மோதும் வேகத்தில் எந்தக் கையும் தாங்காது.

கர்ப்பிணிகள்? அவர்களும் அணிய வேண்டும், இடுப்புப் பட்டியை வயிற்றுக்குக் கீழே இறக்கி.

முச்சக்கர வண்டி? அதிவேக நெடுஞ்சாலையில் அதற்கு அனுமதியே இல்லை.

கட்டுநாயக்கவுக்கு வாடகை வான்? விதி பொருந்தும். வான் பேசும்போதே பின் ஆசனங்களுக்குப் பட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வேறு வான் பாருங்கள்.