காக்பிட்டுக்குத் திரும்பும் வழி

தேநீரை எடுத்துக்கொள்ளுங்கள். கேள்வி சின்னதுதான், பதில் கொஞ்சம் நீளும். விண்வெளியில் ஒற்றை ஆள் போர்க்கலத்தை ஓட்டிப்போய் எதிரிக் கலங்களோடு சண்டையிடும் கம்ப்யூட்டர் விளையாட்டுகள் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்தன. பிறகு கடை அலமாரியிலிருந்தே காணாமல் போயின. அவை மறுபடி ஆட்டக்காரர்களிடம் செல்வாக்குப் பெறுமா? பெறும் என்றே நான் நம்புகிறேன். ஆனால் அவற்றை மீட்கப் புறப்பட்டவர்களில் பெரும்பாலோர் இதுவரை உழைத்த திசை வேறு. அதைப் புரிந்துகொள்ள, இந்த விளையாட்டுகள் முதலில் எப்படி வளர்ந்தன என்று பார்க்க வேண்டும்.

அன்றைய கம்ப்யூட்டருக்கு விண்வெளியைப் போல வசதியான இடம் வேறில்லை. மரம் வரைய வேண்டாம், வீடு வரைய வேண்டாம், தரையே வேண்டாம். கறுப்புத் திரையில் சில வெள்ளைப் புள்ளிகள் இட்டால் வானம் தயார். மிச்சமிருக்கும் சக்தி முழுவதையும் எதிரே வரும் இரண்டு மூன்று கலங்களுக்குச் செலவிடலாம். 1984இல் டேவிட் பிரேபன், இயன் பெல் என்ற இரு இளைஞர்கள் இங்கிலாந்தின் பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டருக்காக ‘எலீட்’ விளையாட்டை உருவாக்கினார்கள். அந்தக் கருவியின் நினைவகம் வெறும் 32 கிலோபைட். அதற்குள் 8 நட்சத்திர மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 கோள்கள். எதையும் சேமித்து வைக்காமல், கணக்குச் சூத்திரத்தால் தேவைப்படும்போது பிறப்பித்துக்கொண்டார்கள். கலங்கள் வெறும் கோட்டுச் சித்திரங்கள்தான். இருந்தும் இருட்டிலிருந்து ஒரு கொள்ளைக்காரன் திரும்பி நம்மை நோக்கி வரும்போது கை நடுங்கும்.

ஆனால் இந்த வகையைப் பெரும் கூட்டத்திடம் கொண்டுபோய்ச் சேர்த்தது 1990இல் வந்த ‘விங் கமாண்டர்’. ஒரிஜின் நிறுவனத்தில் கிறிஸ் ராபர்ட்ஸ் செய்தது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வாதம் முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது. நீங்கள் ‘டைகர்ஸ் க்ளா’ என்ற தாய்க்கப்பலில் ஒரு விமானி. பூனை முகம் கொண்ட கில்ராத்தி என்ற இனத்தோடு மனிதர்களுக்குப் போர். பறக்காத நேரத்தில் கப்பலுக்குள் இருப்பீர்கள். மதுக்கூடத்தில் சக விமானிகள் உட்கார்ந்து வம்பு பேசுவார்கள், எதிரியின் தந்திரத்தைச் சொல்லிக்கொடுப்பார்கள். யார் எத்தனை கலங்களை வீழ்த்தினார் என்று ஒரு பலகையில் எழுதியிருக்கும். ‘மேனியாக்’ என்று ஒருவன், சொன்ன பேச்சைக் கேட்கவே மாட்டான், எதிரியைக் கண்டதும் அணியை விட்டுப் பாய்ந்துவிடுவான். உங்களோடு வந்த விமானி சண்டையில் இறந்தால் இறந்ததுதான். இறுதிச் சடங்கு நடக்கும், அடுத்த நாள் அவர் நாற்காலி காலி. நீங்கள் பணியில் தோற்றாலும் விளையாட்டு முடிந்துவிடாது. கதை தோல்வியின் கிளையில் திரும்பி, போர் மெல்லக் கைநழுவுவதை நீங்களே இருந்து பார்ப்பீர்கள்.

சுடுவதற்காக மட்டும் யாரும் இதை மறுபடி மறுபடி விளையாடவில்லை. ஒரு படையில் நமக்கு ஓர் இடம் இருந்தது. பெயர் சொல்லி அழைத்தார்கள், திரும்பி வந்தால் நன்று என்றார்கள். அதுதான் ஆட்களை இழுத்தது.

அடுத்து வந்தவை லூக்காஸ் ஆர்ட்ஸ் வெளியிட்ட ‘ஸ்டார் வார்ஸ்’ விளையாட்டுகளான ‘எக்ஸ்-விங்’ (1993), ‘டை ஃபைட்டர்’ (1994). லாரன்ஸ் ஹாலண்டும் எட்வர்ட் கில்ஹாமும் முன்னின்று செய்தவை. இங்கே யோசிக்கும் வேலை கூடியது. கலத்தின் எஞ்சினுக்கும் பீரங்கிக்கும் கேடயத்துக்கும் மின்சக்தி ஒரே இடத்திலிருந்துதான் வரும். ஒரே வாய்க்கால் தண்ணீரை மூன்று வயலுக்கு மடை மாற்றி விடுவதைப் போல, ஒன்றுக்குக் கூட்டினால் மற்றது காயும். துரத்தும்போது எஞ்சினுக்கு, மாட்டிக்கொண்டால் கேடயத்துக்கு, நெருங்கிவிட்டால் பீரங்கிக்கு என்று விநாடிக்கு விநாடி முடிவெடுக்க வேண்டும். ‘டை ஃபைட்டர்’ இன்னும் ஒரு படி மேலே போய், நம்மைக் கொடுங்கோல் பேரரசின் பக்கம் நிறுத்தியது. நமக்குக் கிடைக்கும் முதல் கலத்துக்குக் கேடயமே கிடையாது. ஓட்டும் திறமை ஒன்றுதான் காப்பு.

1999இல் வொலிஷன் நிறுவனம் ‘ஃப்ரீஸ்பேஸ் 2’ஐக் கொண்டுவந்தது. இந்த வகையின் உச்சம் அதுவே என்பது என் உறுதியான கருத்து. பல கிலோமீட்டர் நீளமுள்ள போர்க்கப்பல்கள் ஒளிக்கற்றைகளால் ஒன்றையொன்று கீறிக்கொள்ளும். நடுவில் நாம் ஒரு கொசு அளவில் பறந்துகொண்டிருப்போம். நெபுலா மேகத்துக்குள் ரேடார் தடுமாறும், பக்கத்தில் என்ன இருக்கிறதென்று தெரியாது. விமர்சகர்கள் கொண்டாடினார்கள். விற்பனையோ படுத்துவிட்டது. பெரிய நிறுவனங்கள் அதோடு இந்தப் பக்கம் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டன.

அவ்வளவு நல்ல விளையாட்டு ஏன் விற்கவில்லை? விண்வெளி அலுத்துவிட்டது என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. விண்வெளியை வைத்து வந்த வேறு வகை விளையாட்டுகள் அன்றும் விற்றன, இன்றும் விற்கின்றன. மாறியது கம்ப்யூட்டர். 1996 முதல் ‘வூடூ’ போன்ற முப்பரிமாண கிராபிக்ஸ் கார்டுகள் வீடுகளுக்குள் வந்தன. காடு, கோட்டை, நகரத் தெரு எல்லாவற்றையும் இப்போது வரைய முடிந்தது. 1998இல் ‘அன்ரியல்’, ‘ஹாஃப்-லைஃப்’ போன்றவற்றைப் பார்த்த கண்ணுக்குக் கறுப்பு வானம் வெறுமையாகத் தெரிந்தது. எது இந்த வகையின் பலமாக இருந்ததோ அதுவே குறையாகிவிட்டது.

இரண்டாவது, கையில் பிடிக்கும் கருவி மாறியது. 1990களில் கம்ப்யூட்டரின் சவுண்டு கார்டிலேயே ஜாய்ஸ்டிக் செருக 15 ஊசித் துளை இருக்கும். விமான விளையாட்டுப் பிரியர் வீட்டில் ஒரு ஜாய்ஸ்டிக் நிச்சயம். மவுஸும் கீபோர்டும் வைத்துச் சுடும் விளையாட்டுகள் பெருகியதும் ஜாய்ஸ்டிக் பரணுக்குப் போயிற்று. யூஎஸ்பி வந்தபின் அந்தத் துளையே ஒழிந்தது. விண்டோஸ் விஸ்டா அதற்கான ஆதரவை விட்டுவிட்டது. விஸ்டாவுக்கு முன்பே 2003இல் வந்த ‘ஃப்ரீலான்சர்’ ஜாய்ஸ்டிக் இல்லாமல், மவுஸும் கீபோர்டும் வைத்தே கலத்தை ஓட்ட வைத்தது. பழைய விமானிகள் முகம் சுளித்தார்கள். நான் அதைத் துணிச்சலான, சரியான முடிவு என்பேன். மக்களின் கையில் எது இருக்கிறதோ அதற்கேற்ப விளையாட்டைச் செய்வதுதான் முறை.

செலவும் ஒரு காரணம். 1994இல் வந்த ‘விங் கமாண்டர் 3’இல் மார்க் ஹாமில், மால்கம் மெக்டவல் போன்ற ஹாலிவுட் நடிகர்களை வைத்துக் காட்சிகள் படமாக்கினார்கள். அடுத்த பாகத்துக்கு அதைவிட மிக அதிகமான பணம் போயிற்று. ஆட்டக்காரர் எண்ணிக்கை அந்த வேகத்தில் வளரவில்லை.

இன்னொரு சங்கதி, தொழில்நுட்பம் சார்ந்தது, ஆனால் சுவையானது. உண்மையான விண்வெளியில் காற்று கிடையாது. எஞ்சினை அணைத்தாலும் கலம் அதே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும். மூக்கைத் திருப்பினால் பாதை திரும்பாது. 1993இல் ‘ஃப்ரான்டியர்: எலீட் 2’ இந்த நியூட்டன் விதிகளை அப்படியே வைத்துப் பார்த்தது. சண்டை என்பது இரண்டு கலங்கள் அசுர வேகத்தில் எதிரெதிரே கடந்துபோய், மறுபடி திரும்பி வருவதாக ஆகிவிட்டது. நாம் மனதில் வைத்திருக்கும் விண்வெளிச் சண்டை உண்மையில் இரண்டாம் உலகப் போரின் வானச் சண்டை. ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தை எடுக்கும்போது ஜார்ஜ் லூக்காஸ் அந்தப் போர் விமானக் காட்சிகளைத்தான் மாதிரியாகத் தொகுத்து வைத்திருந்தார். அதனால் விளையாட்டுகளும் கலத்துக்கு உச்ச வேகம் வைத்து, காற்று இருப்பதுபோல் வளைய விட்டன. வெறும் வெளியில் வேகமே தெரியாது என்பதால் திரையில் சின்னச் சின்னத் தூசுகளைப் பறக்கவிட்டார்கள். அடுத்த முறை கவனித்துப் பாருங்கள், அந்தத் தூசு நின்றால் கலமும் நின்றதுபோலிருக்கும்.

சரி, மீட்பு முயற்சிகளுக்கு வருவோம். 2012இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற மக்கள் நிதித் தளத்தில் இரண்டு பழைய பெயர்கள் திரும்பி வந்தன. கிறிஸ் ராபர்ட்ஸ் ‘ஸ்டார் சிட்டிசன்’ திட்டத்தோடு வந்தார். டேவிட் பிரேபன் ‘எலீட்: டேஞ்சரஸ்’ திட்டத்தோடு வந்தார். பிரேபனின் விளையாட்டு 2014 டிசம்பரில் வெளியானது. நம் பால்வீதியை அதே அளவில், 40,000 கோடி நட்சத்திரத் தொகுதிகளோடு படைத்திருந்தார்கள். பிரமாண்டம், அழகு, அதில் ஐயமில்லை. பறக்கும் முறையும் அருமை: ஒரு நடுத்தர வேகத்தில்தான் கலம் நன்றாக வளையும் என்று வைத்து நியூட்டனுக்கும் வானச் சண்டைக்கும் சமரசம் செய்தார்கள். ‘ஸ்டார் சிட்டிசன்’ ஆதரவாளர்களிடமிருந்து திரட்டிய மொத்தத் தொகை 2024இல் 70 கோடி டாலரைத் தாண்டியது. ஆசைப்படுபவர்கள் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஆனால் இரண்டும் தேர்ந்த பாதை எல்லையற்ற பிரபஞ்சம். அவ்வளவு பெரிய இடத்தில் சரக்கு ஏற்றுகிறோம், கனிமம் வெட்டுகிறோம், தூரம் கடக்கிறோம். உங்கள் பெயர் சொல்லி அழைக்க அங்கே ஒரு மேனியாக் இல்லை.

தலையில் மாட்டும் மெய்நிகர் (விஆர்) கண்ணாடியை நம்பியவர்களும் உண்டு. காரணம் நியாயமானது. விமானி உட்கார்ந்த இடத்திலேயே இருப்பவர், ஆட்டக்காரரும் அப்படியே. சுற்றிலும் காக்பிட்டின் சட்டகம் அசையாமல் தெரிவதால் தலைசுற்றலும் குறையும். 2016இல் சிசிபி நிறுவனம் ‘ஈவ்: வால்கைரி’யைக் கண்ணாடிக்கென்றே வெளியிட்டது. அடுத்த வருடமே கண்ணாடி இல்லாமலும் ஆடலாம் என்று திறந்துவிட வேண்டியிருந்தது. கண்ணாடி வைத்திருப்பவர் தொகை போதவில்லை.

2020 அக்டோபரில் வந்த ‘ஸ்டார் வார்ஸ்: ஸ்குவாட்ரன்ஸ்’ பற்றி எனக்கு வருத்தம் கலந்த பிரியம் உண்டு. மோடிவ் ஸ்டுடியோ செய்தது, வெளியானபோது விலை 40 டாலர். ‘டை ஃபைட்டர்’ காலத்துச் சக்திப் பங்கீட்டை அழகாக மீட்டெடுத்தது. ஒரு கதையும் இருந்தது, ஆனால் முழு எடையையும் ஐந்துக்கு ஐந்து பேர் மோதும் இணையப் போட்டியில் ஏற்றிவிட்டார்கள். அத்தகைய போட்டிக்கு எந்நேரமும் ஆள் கூட்டம் வேண்டும். தேர்ந்தவர்கள் கண்ணிமைக்கும் நேரத்தில் சறுக்கித் திரும்பும் வித்தையைக் கற்றுக்கொண்டார்கள். புதிதாக வந்தவர் எங்கிருந்து சுடப்பட்டோம் என்றே தெரியாமல் விழுந்தார். புதியவர் வராவிட்டால் அரங்கு காலியாகும். கடினமான கலை ஒன்றைக் கற்க, தோற்றாலும் கேலி செய்யாத இடம் வேண்டும். தனியாள் கதைதான் அந்த இடம்.

அதனால்தான் என் நம்பிக்கை வேறு பக்கம் இருக்கிறது. 2019இல் வந்த ‘ஏஸ் காம்பாட் 7’ஐப் பாருங்கள். விண்வெளி இல்லை, ஜெட் விமானங்கள். வானொலியில் தோழர்களும் எதிரிகளும் ஓயாமல் பேசுகிறார்கள், தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு போர்க்கதை நடக்கிறது, கேம்பேடே போதும். 50 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. ‘ஆர்மர்ட் கோர்’ என்ற ராட்சத இயந்திரச் சண்டைத் தொடர் பத்து வருடம் உறங்கிவிட்டு 2023இல் ஆறாம் பாகத்தோடு எழுந்தது, இதுவரை காணாத வரவேற்போடு. இவற்றை வாங்கியவர்களும் விண்வெளிப் போர்க்கலத்தை வாங்கக்கூடியவர்களும் ஏறத்தாழ ஒரே ஆட்கள்தான் என்பது என் கணிப்பு.

கைக் கருவிப் பிரச்சினையும் தீர்ந்துவிட்டது. ஒரு கலத்தை ஓட்ட நான்கு அசைவுகள் வேண்டும்: மூக்கை ஏற்றி இறக்க, இடவலம் திருப்ப, உருள, வேகம் கூட்டிக் குறைக்க. இன்றைய கேம்பேடின் இரண்டு குமிழ்களும் ஆளுக்கு இரண்டாக நான்கு அசைவுகளைத் தருகின்றன. சக்தியைப் பங்கிடத் திசைப் பொத்தான்கள் இருக்கின்றன. வெறுமைக்கும் மருந்து தெரிந்துவிட்டது. ஹாம்பர்கின் ராக்ஃபிஷ் கேம்ஸ் 2023இல் முடித்த ‘எவர்ஸ்பேஸ் 2’ சண்டையைச் சிறுகோள் குகைகளுக்குள்ளும் கோள்களின் தரைக்கு மேலேயும் கொண்டுபோனது. பாறை அருகில் விரையும்போது வேகம் தானே தெரிகிறது.

மிச்சம் ஒன்றுதான். பத்துப் பதினைந்து மணி நேரத்தில் முடியும் ஒரு போர். பெயரும் குணமும் உள்ள ஆறேழு தோழர்கள். தோற்றாலும் நகரும் கதை. புதியவரைக் கைபிடித்துச் சொல்லிக்கொடுக்கும் முதல் அரை மணி நேரம். நடுத்தர அளவு நிறுவனம் ஒன்று அடக்கமான செலவில் செய்யக்கூடிய வேலை இது. இந்த வகை 1994இல் போல எல்லாவற்றுக்கும் மேலே உட்காராது. நாலாவது ஐந்தாவது வரிசையில் நிலையான ஓர் இருக்கை கிடைக்கும். அது இந்த வகைக்குத் தாராளம்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். வொலிஷன் 2002இல் ‘ஃப்ரீஸ்பேஸ் 2’இன் மூலநிரலைப் பொதுவில் விட்டது. அன்றுமுதல் தன்னார்வலர்கள் அதைச் செப்பனிட்டுக்கொண்டே வருகிறார்கள். அதே நிரலை வைத்து ‘விங் கமாண்டர் சாகா’ என்று ஒரு முழு விளையாட்டையே செய்து 2012இல் இலவசமாகக் கொடுத்தார்கள். மூல விளையாட்டை வாங்கி, அவர்கள் செப்பனிட்ட நிரலை அதன்மேல் போட்டு, கடினத்தை எளிய நிலையில் வைத்துத் தொடங்குங்கள். முதல் சில பணிகளில் சுடுவதைவிடத் தோழர்களுக்குக் கட்டளை கொடுக்கும் பொத்தான்களைப் பழகிக்கொள்ளுங்கள்; நெபுலாவுக்குள் போகும்போது அவை கட்டாயம் வேண்டும்.