முதற் கம்பிச் சடக்கை மேசைமேல் அமைத்தல்

வில்லியம் கேமரன் பகாங் மேட்டு நிலத்தை அளந்து சென்ற 1885-ஆம் ஆண்டிலேயே, பேராக்கின் லாரூட் சமவெளியில் மலாய் மாநிலங்களின் முதற் புகைவண்டி ஓடத் தொடங்கிற்று. கேமரன் மலைக்கோ இன்றளவும் இருப்புப்பாதை ஏறவில்லை. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் வண்டியைக் காணத் தாப்பா ரோடு நிலையம் வரை இறங்க வேண்டும். அங்கு இப்போது ஓடுவதும் மின்சார வண்டி. ஆதலின் தோட்டப் பள்ளியில் பழைய பாதையொன்றின் மாதிரியை அமைக்க விரும்பும் ஆசிரியர், தைப்பிங் – போர்ட் வெல்ட் பாதையைத் தேர்ந்து கொள்ளலாம். 1885 சூன் 1-ஆம் நாள் திறக்கப்பட்ட அது, லாரூட் லம்பங்களின் ஈயத்தைத் துறைமுகத்திற்குக் கொண்டுசெல்ல எழுந்தது. நீளம் ஏறத்தாழ எட்டு மைல். அதனை அமைத்தவர் இலங்கையிலிருந்து வந்த சிலோன் பயனியர் படையின் இரு பிரிவினர். இன்று அப்பாதை இல்லை.

முதற்கண் தீர்மானிக்க வேண்டுவது அளவு. 1:87 என்றால் உண்மைப் பொருளில் 87 பங்கில் ஒரு பங்கு என்று பொருள். கடைகளில் பெரும்பாலும் கிடைப்பவை 1:87, 1:160 ஆகிய இரண்டுமே. இடம் குறைவென்று பலர் சிறியதை நாடுவர். எட்டு மைலை 1:160-இல் சுருக்கினாலும் எண்பது மீட்டர் வரும்! எந்த வகுப்பறை கொள்ளும்? எப்படியும் பாதையை வெட்டித்தான் ஆக வேண்டும் எனின், இடத்தை எண்ணி அளவைக் குறைப்பதில் பயனில்லை. மாதிரி எதைக் காட்ட வேண்டும் என்பதே கேள்வி. ஐந்தரை அடி மனிதன் 1:160-இல் ஒரு சென்டிமீட்டர்தான். அவன் சிலிப்பர் கட்டை சுமக்கிறானா, சும்மா நிற்கிறானா என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. 1:87-இல் அவனே 19 மில்லிமீட்டர். பாதை போட்டவர்கள் கண்ணில் படாத மாதிரி, வண்டிக்கு மட்டுமே வரலாறு உண்டென்று கற்பித்துவிடும். ஆகவே 1:87 நன்று.

இவ்விடத்தில் ஒரு வழுக்கல் உண்டு. 1:87 எனக் கேட்டால் கடைக்காரர் கொடுப்பது 16.5 மில்லிமீட்டர் அகலமுள்ள தண்டவாளம். அது 1,435 மில்லிமீட்டர் அகலப் பாதைக்குரியது. மலாயாவின் பாதையோ ஒரு மீட்டர். அதனை 87-ஆல் வகுத்தால் 11.5 வரும், எனவே 12 மில்லிமீட்டர் தண்டவாளமே ஏற்றது. விலை சற்றுக் கூடினும் இதில் விட்டுக்கொடுக்கலாகாது. அகன்ற பாதையில் குறுகிய வண்டியை ஓட்டினால் பார்ப்பவன் கண் உடனே கண்டுகொள்ளும்.

அடுத்தது பாதையின் வரைவு. பெட்டியோடு வரும் வளைதுண்டுகளை வட்டமாகப் பூட்டி வண்டியைச் சுற்றவிடுவது எளிது, பிள்ளைகளும் மகிழ்வர். ஆனால் ஈயம் சுற்றிச் சுற்றி வரவில்லை, துறைக்குப் போயிற்று. இரு முனையும் உள்ள நேர்பாதையே வேண்டும். பன்னிரண்டடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள பலகையை மூன்றாகப் பகுக்கலாம். ஒரு முனை தைப்பிங் (அதன் முதல் நிலையம் நின்ற இடத்தில் பின்னர் ஒரு பள்ளியே எழுந்தது), மறுமுனை போர்ட் வெல்ட், நடுவே மாத்தாங் பக்கத்துச் சதுப்பு. பன்னிரண்டடி என்பது 1:87-இல் முந்நூற்றுச் சொச்சம் மீட்டரே. முழுப்பாதையில் நாற்பதில் ஒரு பங்கு. விட்டுப்போன மைல்களை மறைக்க வேண்டாம். பகுதிகளுக்கிடையே பலகையில் ஒரு கோடிட்டு, இத்தனை மைல் விடப்பட்டது என எழுதிவிடலாம்.

முனைநிலையத்தில் இஞ்சின் பெட்டிகளுக்கும் பாதை முடிவுக்கும் இடையே சிக்கிக்கொள்ளும். அதனைக் கழற்றிப் பக்கப்பாதை வழியே மறுதலைக்குக் கொண்டுவர வேண்டும். பெட்டி ஒன்று ஆறு சென்டிமீட்டர் எனின், ஐந்து பெட்டிக்கு முப்பது. பக்கப்பாதை அதைவிட நீளமாகவும், முடிவில் இஞ்சின் நிற்கும் அளவு இடம் உள்ளதாகவும் இருத்தல் வேண்டும். இதனை மறந்து பலகையில் ஆணியடித்துவிட்டால் பிரித்துத்தான் மீண்டும் அமைக்க வேண்டும்.

ஆண்டையும் முன்பே குறித்துக்கொள்க. போர்ட் வெல்ட் இன்று கோலா செப்பெத்தாங் எனப்படுகிறது. அங்குள்ள கரிச்சூளைகள் 1930-ஐ ஒட்டித் தோன்றியவை, 1885 மாதிரியில் அவற்றுக்கு இடமில்லை. நிலையத்தின் பழைய பெயர்ப்பலகை இன்னும் நிற்கிறது, தமிழெழுத்தும் அதில் உண்டு. அதனை நடும் ஆசை எவர்க்கும் எழும். 1885-இலேயே நின்றதென்பதற்குச் சான்று கிடைத்த பின்னரே நடுக. நடுப்பகுதியை மட்டும் திறப்புக்கு முந்திய ஆண்டினதாக அமைத்தல் சிறப்பு. பாதி போட்ட தண்டவாளம், சேற்றில் குவித்த மண், கட்டை சுமக்கும் பயனியர் இருபது பேர். வண்டி அவ்விடத்தில் ஓடாது. முனைகளில் மட்டும் ஓடும்.