றங்குப் பெட்டிக்குள் ஒரு விமானப்படை வரலாறு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய குடும்பங்கள் சிலவற்றில், "எங்கள் பாட்டனார் உலக யுத்தத்தில் விமானப்படையில் இருந்தவர்" என்றொரு பேச்சு இன்றும் வழங்கி வருகின்றது. அவர் எந்த நாட்டின் விமானப்படையில் இருந்தார், விமானம் ஓட்டினாரா அல்லது தரையில் நின்று அதனைப் பழுது பார்த்தாரா, எங்கே பணியாற்றினார் என்று வினவினால் பதில் சொல்ல எவருமிலர். மங்கிய புகைப்படம் ஒன்று, நிறம் மாறிய நாடாவுடன் கூடிய பதக்கம் ஒன்று, தணிக்கை முத்திரையிட்ட கடித உறை ஒன்று ஆகியவையே மீதமாக இருக்கும். இவற்றைக் கொண்டு ஒருவருடைய யுத்தகாலச் சேவையைக் கண்டறிதல் இயலுமா? பொறுமை இருப்பின் பெருமளவுக்கு இயலும் என்பதே விடையாகும்.

இலங்கையர் ஒருவர் பிரித்தானிய விமானப்படையில் சேர்ந்தார் என்பது வியப்புக்குரிய செய்தியன்று. யுத்தத்துக்கு முன்னர் அப்படையின் அதிகாரப் பதவிகள் ஐரோப்பிய வம்சாவளியினருக்கே உரியனவாக இருந்தன. 1939 ஒக்டோபரில் அந்த நிறத்தடை யுத்தகாலம் வரைக்கும் என்ற அளவில் நீக்கப்பட்டது. அதன் பின்னர் குடியேற்ற நாடுகளிலிருந்து இளைஞர் பலர் சேர்ந்தனர். பிற்காலத்தில் இலங்கை விமானப்படையின் முதலாவது இலங்கையரான தளபதியாக 1962இல் பொறுப்பேற்ற ரொஹான் அமரசேகர, யுத்தகாலத்தில் பிரித்தானியக் குண்டுவீச்சு விமானங்களிற் பறந்து, பறத்தற் சேவைக்கான சிலுவைப் பதக்கத்தை இரு தடவைகள் பெற்றவர் என்பது குறிப்பிடத்தக்கது.

யுத்தம் குடாநாட்டுக்கும் வந்து சேர்ந்தது. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பும், 9ஆம் திகதி திருகோணமலையும் ஜப்பானிய விமானங்களின் தாக்குதலுக்கு உள்ளாகின. இந்து சமுத்திரத்தைக் கண்காணிப்பதற்கு இலங்கையில் விமானத்தளங்கள் பல அமைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று வலிகாமம் வடக்கின் செம்மண் நிலத்தில் அமைந்தது. இன்று பலாலி என்று நாம் அறியும் அத்தளம், பிரித்தானிய ஆவணங்களிற் காங்கேசன்துறை என்ற பெயராலேயே பெரிதும் குறிக்கப்படுகின்றது. அங்கிருந்து 160ஆவது, 203ஆவது அணிகளைச் சேர்ந்த நான்கு இயந்திர லிபரேற்றர் விமானங்கள் பறந்தன. ஆகவே பழைய கடிதமொன்றில் காங்கேசன்துறை என்ற பெயரைக் காண்பவர், அது துறைமுகத்தைக் குறிக்கின்றது என்று உடனே முடிவு செய்துவிடலாகாது.

பதக்கங்கள் சொல்லும் செய்தி

ஆராய்ச்சியைத் தொடங்குவோர் பலரும் பதக்கத்தையே முதலில் கையில் எடுப்பர். முதலாம் உலக யுத்தப் பதக்கங்களின் விளிம்பிற் பெறுநரின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. இரண்டாம் உலக யுத்தத்துக்காகப் பிரித்தானியா வழங்கிய பொதுப் பதக்கங்கள் பெயர் பொறிக்கப்படாதவை. ஆனால் இந்திய அரசாங்கம் தன் படையினருக்கு வழங்கியவற்றிற் பெயரும் இலக்கமும் பொறிக்கப்பட்டன. எனவே விளிம்பிற் பெயர் காணப்படுமாயின், அவர் பாக்கு நீரிணையைக் கடந்து சென்று இந்திய விமானப்படையில் அல்லது இந்திய இராணுவத்திற் சேர்ந்தவராக இருக்கக்கூடும். மலாயாவில் வாழ்ந்த யாழ்ப்பாணத்தவரின் குடும்பங்கள் அங்கிருந்த தொண்டர் படைகளையும் கருத்திற் கொள்ளுதல் வேண்டும்.

பெயரில்லாத பதக்கமும் ஊமையன்று. ஆறு முனைகளைக் கொண்ட நட்சத்திரப் பதக்கங்கள் ஒவ்வொன்றிலும் அது எந்தப் போர்முனைக்குரியது என்பது எழுதப்பட்டிருக்கும். பர்மா நட்சத்திரம் கீழைத்தேயப் போர்முனையைக் காட்டும். ஐரோப்பிய விமானக் குழுவினருக்கான நட்சத்திரம், 1944 ஜூன் 5ஆம் திகதி வரை பிரித்தானியாவிலிருந்து ஐரோப்பாவின் மேலாகப் போர்ப்பறப்புகளில் ஈடுபட்டோருக்கு உரியது. நோர்மண்டித் தரையிறக்கத்துக்குப் பிற்பட்ட காலத்துக்குப் பிரான்ஸ், ஜேர்மனி நட்சத்திரம் வழங்கப்பட்டது. நாடா மாத்திரம் எஞ்சியிருந்தாலும் அதன் நிறக்கோடுகளின் வரிசை போதுமானது. கடும்நீலம், சிவப்பு, இளநீலம் என மூன்று சம கோடுகள் இருப்பின் அது 1939-45 நட்சத்திரத்தின் நாடா. கடற்படை, தரைப்படை, விமானப்படை ஆகிய மூன்றையும் அந்நிறங்கள் குறிக்கின்றன.

இங்கு எச்சரிக்கை ஒன்றும் அவசியமாகின்றது. பாதுகாப்புப் பதக்கம் எனப்படுவது படையினருக்கு மாத்திரம் உரியதன்று. குடிசார் பாதுகாப்புச் சேவையில் இருந்தோருக்கும் அது வழங்கப்பட்டது. இலங்கையில் விமானத்தாக்குதற் காவற் சேவை விரிவாக இயங்கியது. ஆகவே அப்பதக்கம் ஒன்றை மாத்திரம் கொண்டு ஒருவரை விமானப்படை வீரர் என்று தீர்மானித்தல் தவறாக முடியலாம்.

சீருடையும் பறத்தற் பதிவேடும்

புகைப்படத்தைப் பூதக்கண்ணாடி கொண்டு பார்த்தல் நன்று. இடது மார்பில் இரு சிறகுகள் கொண்ட சின்னம் இருப்பின் அவர் விமானி. ஒற்றைச் சிறகும் அதனருகே வட்டத்துள் எழுத்தும் இருப்பின் வழிகாட்டுநர், வானொலி இயக்குநர், துப்பாக்கிதாரி போன்ற விமானக் குழுவினருள் ஒருவர். கையில் மின்னலைப் பற்றிய சின்னம் வானொலித் தொழிலுக்குரியது. மேற்கையில் விமானச் சுழலி வடிவச் சின்னம், விமானப்படையின் கீழ்நிலைத் தரமொன்றைக் காட்டும். தோளின் கீழே நாட்டின் பெயர் தைக்கப்பட்ட பட்டி காணப்பட்டால், அவர் கடல் கடந்து சென்ற தொண்டர் என்பது தெளிவாகும்.

சிறகு இல்லையே என்று எவரும் மனம் தளர வேண்டியதில்லை. யுத்தத்தின் உச்சத்திற் பிரித்தானிய விமானப்படையிற் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். அவர்களுட் பறந்தவர்கள் சிறுபான்மையினரே. இயந்திரவியலாளரும், ஆயுதம் ஏற்றுவோரும், எழுதுவினைஞரும், சமையலாளருமின்றி ஒரு விமானமும் நிலத்தை விட்டு எழுந்திராது.

விமானக் குழுவினராக இருந்தவரின் பெட்டியிற் கிடைக்கக்கூடிய மிகப் பெறுமதி வாய்ந்த பொருள் அவரது பறத்தற் பதிவேடாகும். ஒவ்வொரு பறப்பின் திகதி, விமானத்தின் வகையும் இலக்கமும், விமானியின் பெயர், பறந்த நேரம், மேற்கொண்ட பணி என்பன அதில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். மாத இறுதியில் மேலதிகாரி கையொப்பமிட்டிருப்பார். அதில் உள்ள அணியின் இலக்கமே அடுத்த கதவைத் திறக்கும் சாவியாகும். நாரினாற் செய்யப்பட்ட அடையாளத் தட்டு கிடைத்தாலும் நன்மையே. வட்டமான சிவப்புத் தட்டு ஒன்றும் எட்டுக்கோணப் பச்சைத் தட்டு ஒன்றும் கழுத்தில் அணியப்பட்டன. பெயருடன் சேவை இலக்கமும் மதமும் அவற்றிற் குறிக்கப்பட்டிருந்தன. இலக்கத்தைத் தனியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஏனெனிற் பெயர் ஏமாற்றக்கூடும், இலக்கம் ஏமாற்றுவதில்லை.

பெயரிற் பிறக்கும் சிக்கல்

நம்மவரின் பெயர் மரபை அன்றைய ஆங்கிலேய எழுதுவினைஞர் அறிந்திருக்கவில்லை. தந்தையின் பெயரை முன்னே எழுதித் தன் பெயரைப் பின்னே எழுதுவது நமது வழக்கம். கந்தையா என்பவரின் மகன் சுப்பிரமணியம், ஓர் ஆவணத்தில் கந்தையா என்ற தலைப்பிலும் இன்னொன்றிற் சுப்பிரமணியம் என்ற தலைப்பிலும் இடம்பெற்றிருக்கலாம். நீண்ட பெயர் சுருக்கப்பட்டிருக்கலாம். முஸ்லிம் குடும்பத்தவருக்கும் இதே இடர்ப்பாடு உண்டு. முகம்மது என்ற ஒரு பெயரே ஆங்கிலத்தில் ஏழெட்டு விதமாக எழுதப்படுகின்றது. அப்பெயர் முதலில் வரும்போது அதனையே குடும்பப் பெயராகப் பதிந்துகொண்ட நிலையும் ஏற்பட்டிருக்கும். பிரித்தானிய மகளிர் துணை விமானப்படையில் 1940இற் சேர்ந்து, பின்னர் இரகசியப் பணிக்காகப் பிரான்ஸ் சென்று 1944இல் டாக்கவ் முகாமிற் கொல்லப்பட்ட நூர் இனாயத் கான் கூட, படையில் நோரா என்ற பெயரிலேயே பதியப்பட்டிருந்தார். எனவே சாத்தியமான எழுத்துக்கூட்டல்கள் யாவற்றையும் பட்டியலிட்ட பின்னரே தேடலை ஆரம்பித்தல் வேண்டும்.

எங்கே தேடுவது?

லண்டனின் கியூ பகுதியிலுள்ள பிரித்தானியத் தேசிய ஆவணக்காப்பகத்தில் 'எயார் 27' என்ற தொடரில் அணிகளின் அன்றாட நடவடிக்கைப் பதிவேடுகள் உள்ளன. எந்த நாளில் எந்த விமானம் எவருடன் எங்கே சென்றது என்பதை அவை தெரிவிக்கும். இணையத்தளம் வாயிலாகவும் அவற்றைப் பெறலாம். தரைப் பணியாளரின் பெயர் அவற்றில் அரிதாகவே வரும். அத்தகையோரைப் பற்றி அறியத் தனிநபர் சேவைக் கோவையே துணை செய்யும். பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சிடம் இருந்த அக்கோவைகள் 2022 முதல் கட்டங்கட்டமாகத் தேசிய ஆவணக்காப்பகத்துக்கு மாற்றப்பட்டு வருகின்றன. விண்ணப்பிப்போர் முழுப்பெயர், பிறந்த திகதி, சேவை இலக்கம் என்பவற்றுடன், இறந்தவராயின் இறப்புச் சான்றிதழின் பிரதியையும் ஆயத்தமாக வைத்திருத்தல் நலம். அதிகாரிப் பதவி பெற்றோரின் நியமனங்களும் விருதுகளும் லண்டன் வர்த்தமானியில் வெளியாகின. அதனையும் இணையத்திற் தேடலாம்.

யுத்தத்தில் உயிர்நீத்தவராயின் பொதுநலவாய யுத்தக் கல்லறைகள் ஆணைக்குழுவின் பெயர்ப்பட்டியல் இலவசமாகவே கிடைக்கின்றது. பிரித்தானியாவிலிருந்தும் வடமேற்கு ஐரோப்பாவிலிருந்தும் பறந்து, உடல் கிடைக்காமற் போனவர்களுட் 20,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் இங்கிலாந்தின் ரன்னிமீட் நினைவகத்திற் பொறிக்கப்பட்டுள்ளன. ஆசியாவில் மறைந்தோரைச் சிங்கப்பூர் நினைவகத்திற் தேடுதல் வேண்டும். இலங்கையில் திருகோணமலை, கண்டி, கொழும்பு ஆகிய இடங்களிலும் யுத்தக் கல்லறைகள் உள்ளன.

உள்ளூர்ச் சான்றுகளும் புறக்கணிக்கத்தக்கனவல்ல. ஊர் இளைஞர் ஒருவர் படையிற் சேர்ந்து புறப்பட்டமை அக்காலத்துச் செய்தியாகும். ஈழகேசரி, இந்து சாதனம், வீரகேசரி, தினகரன் ஆகிய பத்திரிகைகள் அந்த ஆண்டுகளில் வெளிவந்துகொண்டிருந்தன. கல்லூரிச் சஞ்சிகைகளிற் பழைய மாணவர் பற்றிய குறிப்புகளைக் காணலாம். கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களமும், 2005இல் ஆரம்பிக்கப்பட்ட நூலகம் இணையத்தளமும் இத்தேடலுக்குப் பெரிதும் உதவக்கூடியன.

முதியோரிடம் வினவுதல்

ஆவணங்களைத் தேடுவதற்கு முன்னர் செய்ய வேண்டிய பணி ஒன்றுண்டு. வீட்டிலுள்ள மூத்தோரிடம் பேச வேண்டும். "எந்த அணியில் இருந்தார்?" என்று கேட்டால் அவர்களுக்குத் தெரியாது. "கடிதம் எங்கிருந்து வந்தது? வீட்டுக்கு வந்தபோது யார் குழந்தையாக இருந்தார்? அப்போது நல்லூர்த் திருவிழா நடந்ததா?" என்று கேட்டால் நினைவு திரும்பும். "நோன்புப் பெருநாளன்று வந்து சேர்ந்தார்" என்று ஒரு மூதாட்டி சொன்னால் அதுவே ஒரு திகதியாகும். 1942இல் அப்பெருநாள் ஒக்டோபரிலும், 1945இல், ஜப்பான் சரணடைவு ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டுச் சில நாட்களில், செப்டெம்பரிலும் வந்தது. ஆண்டுதோறும் முன்நகரும் பெருநாள், நாட்குறிப்பு இல்லாத குடும்பத்துக்கு நாட்குறிப்பாக அமைகின்றது.

பொருட்களைக் கையாளுகையிலும் கவனம் தேவை. பதக்கத்தைப் புளியாலோ மெருகுப் பொடியாலோ தேய்த்தல் கூடாது. அட்டையில் ஒட்டிய படத்தை உரித்தெடுக்கலாகாது. பின்புறத்தில் உள்ள புகைப்பட நிலையத்தின் முத்திரையே அது எடுக்கப்பட்ட ஊரைச் சொல்லும். கறையானும் ஈரமும் அணுகாத இடத்தில் வைத்து, யாவற்றின் இருபுறத்தையும் படம் பிடித்து, வெவ்வேறு இடங்களிலுள்ள உறவினர் இருவரிடமாவது பிரதியைக் கொடுத்து வைத்தல் வேண்டும்.

பெட்டியே இல்லாதவர்கள்

இவ்வளவும் பெட்டி உள்ளவர்களுக்கான ஆலோசனை. பெட்டியே இல்லாதவர்கள் நம்மிற் பலர். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டபோது, பாட்டனாரின் படத்தை எடுத்துச் செல்ல எவருக்கு இயன்றது? 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் மக்கள் மழையில் நடந்தபோது, றங்குப் பெட்டியைச் சுமந்தவர் எத்தனை பேர்? பலாலித் தளத்தைச் சூழ்ந்த கிராமங்களோ 1990 முதல் உயர் பாதுகாப்பு வலயமாகி, இன்று வரை முழுமையாக விடுவிக்கப்படவில்லை. 1981இல் யாழ் நூலகம் எரிந்தபோது 97,000 வரையான நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வீட்டிலிருந்த சான்றும் ஊரிலிருந்த சான்றும் ஒருங்கே இழக்கப்பட்ட சமூகங்கள் நாம்.

ஆயினும் கியூவிலுள்ள பதிவேட்டை நமது யுத்தம் தீண்டவில்லை. புகைப்படத்தை இழந்த புத்தளத்துக் குடும்பம் ஒன்றும், பதக்கத்தை இழந்த தெல்லிப்பழைக் குடும்பம் ஒன்றும், நினைவிலுள்ள ஒரு பெயரையும் ஓர் ஊரையும் கொண்டே அத்தேடலை இன்றும் ஆரம்பிக்கலாம். அப்பதிவேடுகளில் தமிழரும் முஸ்லிமும் சிங்களவரும் பறங்கியரும் தனித்தனிப் பக்கங்களில் எழுதப்படவில்லை.

பேரரசு ஒன்றின் யுத்தத்தில் நம்மவர் ஏன் சேர்ந்தனர் என்ற வினாவுக்குச் சம்பளம், சாகசம், கொள்கை என்று விடைகள் பலவாக இருக்கலாம். அவற்றைத் தீர்ப்பதற்கு முன்னர் அவர்கள் யார் என்பதை அறிதல் வேண்டும். 1942இற் பத்து வயதாக இருந்தவருக்கு இன்று வயது தொண்ணூற்றைக் கடந்துவிட்டது. ஆவணங்கள் காத்திருக்கும், மனிதர்கள் காத்திருக்கமாட்டார்கள். படத்தில் நிற்பவர் யார் என்று கேட்க வேண்டிய காலம் இதுவே.