கடல் எந்த வழியால் வருகிறது? – ஒலுவிலும் மயிலிட்டியும்

கடலரிப்பு என்றதும் அலை வந்து கரையை இடித்துக்கொண்டு போவதுதான் நம் மனதில் வரும். ஆனால் கடல் எல்லா ஊருக்கும் ஒரே வழியால் வருவதில்லை. நமது ஒலுவிலையும் யாழ்ப்பாணத்து மயிலிட்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

ஒலுவில் மணற்கரை. அங்கே அலை சாய்வாக வந்து மணலைத் தூக்கிப் போடும். திரும்பும்போது நேரே கீழே இழுக்கும். இப்படி ஒவ்வொரு அலைக்கும் மணல் ஓர் எட்டு நகர்ந்து, வருடக்கணக்கில் தெற்கிலிருந்து வடக்கே போய்க்கொண்டிருந்தது. 2008இல் துறைமுக வேலை தொடங்கியது, 2013இல் திறந்தார்கள். அலைதடுப்பு அணைகள் கடலுக்குள் நீண்டதும் மணலின் பாதை மறிபட்டது. துறைமுக வாயில் மணல் தூர்ந்தது. வடக்கே போகவேண்டிய மணல் போகாததால், அங்கே தென்னங்காணிகளைக் கடல் கொண்டுபோச்சு.

மயிலிட்டிக் கரை வேறு. அது சுண்ணாம்புக்கல்; அலை அதை மெல்லத்தான் தின்னும். 1990இல் இடம்பெயர்ந்த அவ்வூர் மக்களுக்குத் துறைமுகப் பகுதி 2017 யூலையில்தான் திரும்பக் கிடைத்தது. புனரமைப்பின் முதற்கட்டம் 2019இல் திறக்கப்பட்டது. அதே 1990இல் வெளியேற்றப்பட்ட வடபுல முஸ்லிம்களுக்கு, ஊர் திரும்புகிறவன் முதலில் எட்டிப் பார்ப்பது கிணற்றைத்தான் என்று யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. மயிலிட்டியில் கடல் வரக்கூடிய வழியும் அந்தக் கிணறுதான்.

குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மழைநீர் கல்வெடிப்புகளால் இறங்கி, பாரம் கூடிய உவர்நீருக்கு மேலே மிதக்கிறது. கீபன், ஹெர்ஸ்பேர்க் என்ற இருவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித் தனித்தனியே கண்ட கணக்கு இது: கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடிவரை நன்னீர் இருக்கும். திருப்பிப் பாருங்கள்: மோட்டர் போட்டு இறைத்து மேலே 1 அடியைக் குறைத்தால், நாளடைவில் கீழிருந்து உவர் 40 அடி ஏறும். மயிலிட்டிக்கு மேற்கே கீரிமலையில் நன்னீர் கடலோரமாக ஊற்றெடுப்பது இந்தக் கல்வெடிப்புகளால்தான். நன்னீர் கடலுக்குப் போகும் வழிதான் உவர் உள்ளே வரும் வழியும்.

இதன்மேல் கடல்மட்டமும் உயர்கிறது. காலநிலை மாற்றம் பற்றிய அரசுகளுக்கிடையிலான குழுவின் மதிப்பீட்டின்படி 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் 20 சென்ரிமீற்றர் ஏறியது. 2006க்குப் பிறகு ஆண்டுக்கு 3.7 மில்லிமீற்றர். பார்வைக்குச் சின்னத் தொகை. தாழ்ந்த கரையில் நன்னீர் மட்டம் கூடவே உயர இடமில்லாதபோது, அந்த 1:40 கணக்கு வேலை செய்யத் தொடங்கும்.

ஆகவே மணற்கரையில் கல் போடுமுன் மணல் போகும் திசையை அளக்க வேண்டும். சுண்ணாம்புக்கல் கரையில், மாரிக்கு முன்னும் பின்னும் கிணற்று நீர்மட்டத்தையும் உப்பையும் அளந்து கொப்பியில் எழுதி வைக்க வேண்டும். பாடசாலைப் பிள்ளைகளே செய்யக்கூடிய வேலை. நன்னீருக்கும் உவர்நீருக்கும் இடையிலான தடுப்பை அல்குர்ஆன் (25:53) நினைவூட்டுகிறது. அந்தத் தடுப்பைக் குலைக்காமல் அளவோடு இறைப்பதும் அமானிதம்தான்.