‘முடியாது’ என்று சொன்ன தளபதி



தளபதி என்றால் “தாக்குங்கள்!” என்று கட்டளை போடுபவர் என்றுதானே நினைக்கிறோம்? ஆனால் “விமானம் அனுப்ப முடியாது” என்று சொல்லியே தன் நாட்டைக் காப்பாற்றினார் ஒருவர். அவர் பெயர் ஹியூ டவ்டிங்.

1882-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். முதலில் பீரங்கிப் படையில் இருந்தார். 1913-ல் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். அதிகம் பேசமாட்டார், சிரிக்கவும் மாட்டார். அதனால் கூட இருந்தவர்கள் வைத்த பட்டப்பெயர் ‘ஸ்டஃபி’. நம்ம பாஷையில் சொன்னால் உம்மணாமூஞ்சி!

1936-ல் பிரிட்டனின் போர் விமானப் பிரிவுக்குத் தலைவரானார். அவர் செய்த பெரிய வேலை என்ன தெரியுமா? கடற்கரை ஓரமா ரேடார் கோபுரங்கள் எதிரி விமானத்தைக் கண்டுபிடிக்கும். உடனே டெலிபோனில் தலைமையகத்துக்குச் செய்தி போகும். அங்கே பெரிய மேஜை மேல் விரித்த வரைபடத்தில் பெண்கள் அடையாளக் காய்களை நகர்த்துவார்கள். எங்கே, எத்தனை விமானம் வருகிறது என்று பார்த்து, தேவையான அளவு மட்டும் அனுப்புவார்கள். வீணாகச் சுற்றவே வேண்டாம்!

1940 மே மாதம். ஜெர்மனி பிரான்சுக்குள் புகுந்துவிட்டது. “இன்னும் விமானம் அனுப்புங்கள்” என்று பிரான்ஸ் கெஞ்சியது. பிரதமர் சர்ச்சிலுக்கும் அனுப்ப ஆசை. மே 16-ல் டவ்டிங் ஒரு கடிதம் எழுதினார். நாட்டைக் காக்க 52 படைப்பிரிவுகள் வேண்டும், இருப்பதோ 36-க்குச் சமம்தான், இன்னும் அனுப்பினால் பிரான்சோடு நாமும் தோற்போம் என்று பச்சையாகச் சொல்லிவிட்டார். சில நாளில் அனுப்புவது நின்றது.

ஜூலையில் ஜெர்மன் விமானங்கள் பிரிட்டன் மேல் பாய்ந்தன. மிச்சம் பிடித்து வைத்த விமானங்கள்தான் அக்டோபர் வரை எதிர்த்து நின்றன. டவ்டிங்கின் மகனும் அதில் ஒரு விமானி! ஜெர்மனியால் தரையிறங்கவே முடியவில்லை.

பதவி நிலைத்ததா? இல்லை! போர் முறை சரியில்லை, இரவுக் குண்டுவீச்சைத் தடுக்கவில்லை என்று குறை சொல்லி, அந்த நவம்பரிலேயே பதவியிலிருந்து நீக்கிவிட்டார்கள். பிரபு பட்டம் 1943-ல்தான் வந்தது. 1970-ல் இறந்தபின் அவருடைய அஸ்தியை வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் வைத்தார்கள்.

எல்லாரும் ‘சரி’ என்று தலையாட்டும்போது, கணக்கைக் காட்டி ‘முடியாது’ என்று சொல்வதும் வீரம்தான். நீங்க என்ன நினைக்கிறீங்க?