‘நீங்களே ரிசைன் பண்ணிடுங்க’: கம்பெனி வக்கீல் போடும் கணக்கு என்ன?

“டெர்மினேட் பண்ணினா உங்க ரெக்கார்டுக்கு நல்லதில்லை. நீங்களே ரிசைன் பண்ணிடுங்க.”

ஐடி வேலையில் இருப்பவர்களுக்கு இந்த வசனம் புதிதல்ல. ஹெச்.ஆர். பேசும் இந்த வரிக்குப் பின்னால் ஒரு சட்டக் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைப் பார்த்துச் சொல்பவர், நிறுவனத்துக்கு ஆலோசனை தரும் தொழிலாளர் சட்ட வழக்கறிஞர். அவர் எதையெல்லாம் பார்க்கிறார் என்பது தெரிந்தால், மேசையின் மறுபக்கம் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் உதவும்.

முதல் கேள்வி: இவர் ‘தொழிலாளி’யா?

வக்கீல் முதலில் கேட்பது இதைத்தான். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின்படி, நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் ‘தொழிலாளி’ அல்ல. மாதம் ரூ.18,000-க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும் அல்ல. ஆனால், விசிட்டிங் கார்டில் ‘மேனேஜர்’ என்று இருந்தால் மட்டும் போதாது. தினமும் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். பெயருக்கு மேனேஜர், நாள் முழுக்க கோடிங் என்றால், ‘நான் தொழிலாளிதான்’ என்று வாதிட இடம் உண்டு.

ராஜினாமா ஏன் நிறுவனத்துக்கு வசதி?

ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால், ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியத்தை இழப்பீடாகத் தர வேண்டும். மறுதிறன் நிதிக்கு இன்னொரு 15 நாள் ஊதியம் செலுத்த வேண்டும்.

சட்டப்படியான ஊதியம் மாதம் ரூ.60,000, பணிக்காலம் 6 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். இழப்பீடு சுமார் ரூ.1.8 லட்சம், நோட்டீஸ் சம்பளம் ரூ.60,000, நிதிக்கு ரூ.30,000. மொத்தம் சுமார் ரூ.2.7 லட்சம். நீங்களே ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டால் இந்த மூன்றுமே இல்லை.

அப்படியானால் வக்கீல் ‘வாங்கிடுங்க’ என்றுதானே சொல்வார்? விவரமான வக்கீல் சொல்ல மாட்டார். ஒரே அறையில் மணிக்கணக்கில் உட்கார வைத்தது, லேப்டாப்பைப் பிடுங்கியது, வாட்ஸ்அப்பில் மிரட்டியது எல்லாம் நாளை சாட்சியமாக வரும். கட்டாயப்படுத்தி வாங்கியது என்று நிரூபணமானால், அந்த ராஜினாமாவே சட்டவிரோதப் பணிநீக்கமாகிவிடும். பிறகு பழைய சம்பளத்தோடு மீண்டும் வேலை கொடுக்கும் நிலைகூட வரலாம். “இழப்பீட்டைக் கொடுத்து முறையாக அனுப்புங்கள், அதுதான் மலிவு” என்பதே பல நேரம் அவர் தரும் ஆலோசனை.

தப்பு செய்தவரை உடனே நீக்கலாமா?

முடியாது. குற்றச்சாட்டு குறிப்பாணை கொடுத்து விளக்கம் கேட்க வேண்டும். பிறகு உள்விசாரணை நடத்தி, சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய வாய்ப்பு தர வேண்டும். புகார் சொன்னவரே விசாரணை அதிகாரியாக உட்காரக் கூடாது. இதில் ஒரு படியைத் தாண்டினாலும், உண்மையிலேயே தப்பு செய்தவர்கூட வழக்கில் ஜெயிக்கலாம். அதனால்தான், கோபத்தில் இருக்கும் முதலாளியை “கொஞ்சம் பொறுங்க சார்” என்று தடுப்பது இந்த வக்கீலின் தினசரி வேலை.

தமிழ்நாட்டில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. 1947-ம் ஆண்டு தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-வது பிரிவின்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் நீக்க முடியாது. முறைகேடு விசாரணையில் நிரூபணமானால் மட்டும் நோட்டீஸ் தேவையில்லை.

ஆஃபர் லெட்டரில் எழுதியதெல்லாம் செல்லுமா?

‘வேலையை விட்டபின் ஓராண்டுக்குப் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது’ என்ற நிபந்தனை, 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவின்படி பொதுவாகச் செல்லாது. வக்கீலுக்கும் இது தெரியும். ஆனாலும் பல ஒப்பந்தங்களில் அது அப்படியே இருக்கிறது. படித்தாலே பயப்படுவார்கள் என்பதுதான் காரணம்.

பாண்ட் விஷயம் வேறு. மூன்றாண்டுக்கு முன் விலகினால் ரூ.2 லட்சம் கட்ட வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே, ‘பாண்ட் எதுவும் செல்லாது’ என்று நண்பர் சொல்வதை நம்பி கையெழுத்துப் போடாதீர்கள்.

நீங்கள் என்ன செய்யலாம்?

ஒன்றை மறக்க வேண்டாம்: அவர் கம்பெனியின் வக்கீல். எவ்வளவு கனிவாகப் பேசினாலும், நீங்கள் சொல்வதை ரகசியமாகக் காக்கும் கடமை அவருக்கு உங்களிடம் இல்லை.

• ராஜினாமா கேட்டால் அந்த இடத்திலேயே கையெழுத்திட வேண்டாம். அவகாசம் கேளுங்கள்.

• காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

• கட்டாயத்தில் கையெழுத்திட்டிருந்தால், அன்றே மின்னஞ்சலில் அதைப் பதிவு செய்யுங்கள்.

• நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, அப்ரைசல் கடிதம் ஆகியவற்றின் பிரதி உங்களிடம் இருக்கட்டும். கம்பெனியின் ரகசியத் தகவல்களைத் தொட வேண்டாம்.

• கணக்கைக் கேளுங்கள். நீக்கினாலும் நீங்களே விலகினாலும், பாக்கி ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும் என்கிறது ஊதியச் சட்டத் தொகுப்பு.

• வழக்கு, மேல்முறையீடு எல்லாவற்றுக்கும் காலக்கெடு உண்டு. தள்ளிப்போடாமல் உங்களுக்கென ஒரு வக்கீலைப் பாருங்கள்.