வீட்டுக் கணினியும் ஓர் அமானிதமே: வைரஸிலிருந்து பாதுகாப்பது எப்படி?



இன்று நம்மில் பலருடைய வீட்டில் ஒரே கணினியைக் குடும்பத்தார் அனைவரும் பயன்படுத்துகிறார்கள். பிள்ளைகளின் கல்லூரிப் பாடங்கள், வாப்பாவின் கடைக் கணக்கு, வளைகுடாவில் இருக்கும் மகன் பணம் அனுப்பும் வங்கிக் கணக்கு, பாஸ்போர்ட் மற்றும் ஆதார் நகல்கள், நிக்காஹ் போட்டோக்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

சில வீடுகளில் பிறருடைய விவரங்களும் அதே கணினியில் இருக்கும். ஜமாஅத் நிர்வாகியின் வீட்டில் சந்தாக் கணக்கும் பைத்துல்மால் கணக்கும் இருக்கும். ஜகாத் பெறும் ஏழைக் குடும்பங்களின் பெயர்ப் பட்டியல் இருக்கும். மக்தப் நடத்தும் ஆலிமாவின் லேப்டாப்பில் பிள்ளைகளின் பெயர்களும் பெற்றோரின் போன் நம்பர்களும் இருக்கும். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்று கற்றுத்தரும் மார்க்கம் நம்முடையது. வாங்குகிறவரின் பெயர் ஊர் முழுக்கத் தெரிந்தால் அவருடைய மானம் என்னாவது?

ஃபிக்ஹு நூல்களில் அமானிதம் பற்றிய பாடத்தில் ஒரு சட்டம் உண்டு. ஒருவர் தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளை முறையாகப் பாதுகாத்தும் அது கைமீறிப் போய்விட்டால், அவர் ஈடு தர வேண்டியதில்லை. அவருடைய அலட்சியத்தால் போனால் அவரே பொறுப்பாளி. அப்படியானால், கணினி விஷயத்தில் 'முறையாகப் பாதுகாப்பது' என்றால் என்ன? அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். இதற்குக் கம்ப்யூட்டர் படிப்பு தேவையில்லை, கொஞ்சம் கவனம் போதும்.

வைரஸ் என்பது என்ன?

வைரஸும் ஒரு புரோகிராம்தான். கணக்கு எழுத ஒரு புரோகிராம் இருப்பதுபோல, கெடுதல் செய்வதற்கென்றே எழுதப்பட்ட புரோகிராம்கள் உள்ளன. இவற்றுக்குப் பொதுப்பெயர் மால்வேர். தன்னைத் தானே நகலெடுத்துப் பிற கோப்புகளில் ஒட்டிக்கொள்வது வைரஸ். நல்ல புரோகிராம் போல வேடமிட்டு வருவது ட்ரோஜன். நம் பாஸ்வேர்டுகளைத் திருடி அனுப்புவது ஸ்பைவேர். நம் கோப்புகளை எல்லாம் பூட்டி வைத்துவிட்டுப் பணம் கேட்பது ரான்சம்வேர்.

இவற்றில் பெரும்பாலானவை வீட்டில் யாரோ ஒருவர் கிளிக் செய்த பிறகுதான் வேலையைத் தொடங்குகின்றன. எனவே பாதுகாப்பின் பெரும்பகுதி நம் பழக்கத்தில்தான் இருக்கிறது.

பிறர் வீட்டுக்குள் நுழையும் முன் அனுமதி பெறவும் ஸலாம் கூறவும் சூரா அந்நூர் (24:27) நமக்குக் கட்டளையிடுகிறது. கதவைத் தட்டிய ஜாபிர் (ரலி) அவர்கள், யார் என்று கேட்கப்பட்டபோது தம் பெயரைச் சொல்லாமல் 'நான்தான்' என்று மட்டும் பதில் சொன்னதை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்ற செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. வருகிறவர் யார் என்று தெளிவாகத் தெரிய வேண்டும். கணினிக்குள் வரும் கோப்புக்கும் இந்த ஒழுங்கு பொருந்தும்: அனுப்பியவர் யார், எதற்காக அனுப்பினார் என்று தெரியாத எதையும் திறக்கக் கூடாது.

வைரஸ் வழக்கமாக நுழையும் ஐந்து வாசல்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. பென் டிரைவ்

பிள்ளைகள் பிரின்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் பென் டிரைவ் கொண்டு போகிறார்கள். ஒரு நாளில் பல பேருடைய பென் டிரைவ்கள் அந்தக் கடைக் கணினியில் செருகப்படுகின்றன. ஒன்றில் வைரஸ் இருந்தால் மற்றவற்றுக்கும் தொற்றும்.

இதில் மிகவும் பரவலானது 'ஷார்ட்கட் வைரஸ்'. பென் டிரைவில் இருக்கும் உண்மையான ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் போலி ஷார்ட்கட்களை உண்டாக்கிவிடும். அதைக் கிளிக் செய்தால் ஃபோல்டரும் திறக்கும், பின்னால் வைரஸும் ஓடும். ஃபோல்டர் படத்தின் ஓரத்தில் சிறிய வளைந்த அம்புக்குறி இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள்.

வெளியிலிருந்து வந்த பென் டிரைவை உடனே திறக்காமல், அதன்மீது ரைட் கிளிக் செய்து ஆன்டிவைரஸால் ஸ்கேன் செய்த பிறகு திறக்க வேண்டும். முடிந்தால் பிரின்ட் எடுக்க வேண்டியதை மட்டும் கடைக்கு இமெயிலில் அனுப்பிவிடுவது நல்லது.

2. கிராக் சாஃப்ட்வேர்

ஆயிரக்கணக்கில் விலை உள்ள சாஃப்ட்வேரை 'கிராக்' செய்து இலவசமாகப் போட்டுக்கொள்வது நம்மிடையே சாதாரணமாகிவிட்டது. பிள்ளைகளும் கேம்களுக்கு இப்படித் தேடுகிறார்கள். கிராக்கை நிறுவச் சொல்லும் குறிப்பில் முதல் வரியே பெரும்பாலும் 'ஆன்டிவைரஸை அணைத்துவிடுங்கள்' என்று இருக்கும். காவலாளியை அனுப்பிவிட்டு வீட்டுக்குள் வரக் கேட்பவரை நாம் நம்புவோமா?

'ஸ்டாப்', 'டிஜேவு' என்ற பெயர்களில் அறியப்படும் ரான்சம்வேர் பெரும்பாலும் இப்படிப்பட்ட கிராக்குகள் வழியாகவே பரவியது. அது குறிவைத்தது வீட்டுக் கணினிகளைத்தான். போட்டோக்களையும் ஆவணங்களையும் பூட்டிவிட்டு 980 டாலர் கேட்டது, 72 மணி நேரத்துக்குள் தொடர்பு கொண்டால் பாதி விலை என்றது. 'ரெட்லைன்' என்ற இன்னொரு மால்வேர் பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளையும் குக்கிகளையும் அள்ளிச் சென்றது. குக்கி கையில் இருந்தால், பாஸ்வேர்டோ ஓடிபியோ இல்லாமலே பல கணக்குகளில் நுழைந்துவிட முடியும். 2024 அக்டோபரில் நெதர்லாந்து போலீஸார் பிற நாட்டு அமைப்புகளுடன் சேர்ந்து ரெட்லைனின் சர்வர்களை முடக்கினார்கள். ஆனால் அதே வேலையைச் செய்யும் வேறு மால்வேர்கள் இன்னும் உலவுகின்றன.

இதில் மார்க்கச் சட்டமும் இருக்கிறது. 1988 டிசம்பரில் குவைத்தில் நடந்த சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியின் 5ஆவது அமர்வு, எழுத்துரிமை, கண்டுபிடிப்புரிமை போன்றவை ஷரீஅத்தால் பாதுகாக்கப்பட்ட உரிமைகள், அவற்றை மீறுவது கூடாது என்று தீர்மானித்தது. ஆக, கிராக் என்பது உரிமை மீறல், அத்துடன் வைரஸுக்குத் திறந்த வாசல்.

பணம் இல்லாதவர்களுக்கு ஹலாலான வழிகள் உள்ளன. கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் லிப்ரே ஆபீஸ், படங்களைத் திருத்த ஜிம்ப், வீடியோ பார்க்க விஎல்சி ஆகியவை முழுக்க இலவசம். அவற்றையும் அந்தந்த அமைப்பின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே பதிவிறக்க வேண்டும்.

3. இணைப்பாக வரும் கோப்பு

2000ஆம் ஆண்டு மே மாதம் 'ஐ லவ் யூ' என்ற தலைப்புடன் ஓர் இமெயில் உலகம் முழுவதும் பரவியது. பிலிப்பைன்ஸில் தொடங்கியது. இணைப்பாக வந்த கோப்பு சாதாரணக் கடிதம் போலத் தெரிந்தது, உண்மையில் அது ஒரு புரோகிராம். திறந்தவர்களின் முகவரிப் பட்டியலில் இருந்த அனைவருக்கும் அவர்கள் பெயரிலேயே சென்றது. தெரிந்தவரிடமிருந்து வந்ததால் பலரும் யோசிக்காமல் திறந்தார்கள்.

இன்றும் அதே தந்திரம்தான், வேடம் மட்டும் மாறியிருக்கிறது. கூரியர் ரசீது, வருமான வரி நோட்டீஸ், வேலைக்கான விசா கடிதம் என்று வருகிறது. வாட்ஸ்அப்பில் கல்யாண அழைப்பிதழ் என்று ஏபிகே கோப்பு வருகிறது. அதைப் போனில் நிறுவினால், வங்கியின் ஓடிபி திருடன் கைக்குப் போய்விடலாம். அழைப்பிதழ் என்பது படமாகவோ பிடிஎஃப் ஆகவோதான் இருக்கும். அதை 'நிறுவ' வேண்டிய அவசியம் ஒருபோதும் வராது.

விண்டோஸ் கணினி, கோப்பின் பெயரில் கடைசியில் இருக்கும் வகையைக் காட்டாமல் மறைத்து வைக்கிறது. அதனால் 'பிடிஎஃப்' என்று முடிவதுபோலத் தெரியும் கோப்பு உண்மையில் 'இஎக்ஸ்இ' என்று முடியலாம். விண்டோஸ் 11இல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, 'வியூ', பிறகு 'ஷோ', பிறகு 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதைத் தேர்வு செய்தால் முழுப் பெயரும் தெரியும். ஒருமுறை செய்தால் போதும்.

தெரிந்தவரிடமிருந்து எதிர்பாராத கோப்பு வந்தால் அவருக்குப் போன் செய்து கேளுங்கள். வரும் செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்லும் சூரா அல்ஹுஜுராத்தின் (49:6) போதனை இங்கும் நமக்கு வழிகாட்டி.

4. பயமுறுத்தும் அறிவிப்பு

'உங்கள் கணினியில் 5 வைரஸ் உள்ளது, உடனே இந்த நம்பருக்கு அழைக்கவும்' என்று சைரன் சத்தத்துடன் திரை நிறைய அறிவிப்பு வரும். இது மோசடி. மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் போன் நம்பர் இருக்காது. அந்த நம்பருக்கு அழைத்தால், உதவி செய்வதாகச் சொல்லி எனிடெஸ்க் போன்ற புரோகிராமை நிறுவச் சொல்வார்கள். பிறகு உங்கள் கணினி அவர்கள் கையில். பிரவுசரை மூடிவிடுங்கள், மூட முடியவில்லை என்றால் கணினியை அணைத்துப் போடுங்கள்.

மூலையில் அடிக்கடி வைரஸ் எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தால், ஏதோ ஒரு தளத்தில் யாரோ 'அலோ' என்பதை அழுத்தியிருப்பார்கள். குரோம் செட்டிங்ஸில் 'சைட் செட்டிங்ஸ்', அதில் 'நோட்டிஃபிகேஷன்ஸ்' சென்று தெரியாத தளங்களை நீக்கினால் நின்றுவிடும்.

5. அப்டேட் செய்யாத கணினி

கிளிக் எதுவும் இல்லாமலே நுழையும் மால்வேரும் உண்டு. 2017 மே 12 அன்று பரவிய 'வான்னக்ரை' அப்படிப்பட்டது. சுமார் 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டியது. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் அறுவை சிகிச்சைகளைக்கூடத் தள்ளிவைக்க நேர்ந்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதம் தள்ளிப்போட்டவர்கள்தான் பெரும்பாலும் பாதிக்கப்பட்டார்கள்.

எனவே அப்டேட் கேட்டால் தள்ளிப்போடாதீர்கள். விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியும் முடிந்துவிட்டன. பழைய கணினி விண்டோஸ் 11ஐத் தாங்காது என்றால், இலவசமான லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டு போட்டுப் பயன்படுத்தலாம்.

வீட்டில் செய்ய வேண்டிய ஏற்பாடுகள்

முதலாவது, ஆன்டிவைரஸ். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் 'டிஃபெண்டர்' உள்ளேயே வருகிறது. வீட்டு உபயோகத்துக்கு அது போதுமானது. அதை அணைக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. இரண்டு ஆன்டிவைரஸ்களை ஒன்றாகப் போட்டால் ஒன்றோடொன்று மோதிக் கணினிதான் மெதுவாகும்.

இரண்டாவது, தனித்தனிக் கணக்குகள். பிள்ளைகளுக்கு 'ஸ்டாண்டர்டு' கணக்கு கொடுங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு பெற்றோரிடம் இருக்கட்டும். அப்போது கணினி முழுவதையும் மாற்றக்கூடிய புரோகிராம் எதையும் பெற்றோரைக் கேட்காமல் நிறுவ முடியாது. ஜமாஅத் கணக்கு வைத்திருப்பவர்கள் அதற்கும் தனிக் கணக்கு வைத்து, அந்தக் கோப்புகளுக்குப் பாஸ்வேர்டு போட்டு வைப்பது அவசியம்.

மூன்றாவது, பேக்கப். முக்கியமான எதற்கும் மூன்று நகல்கள் வேண்டும் என்பது இத்துறையினர் சொல்லும் விதி. ஒன்று கணினியில், ஒன்று எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில், ஒன்று வீட்டுக்கு வெளியே அல்லது கூகுள் டிரைவ் போன்ற இடத்தில். நகலெடுத்ததும் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட வேண்டும். செருகியே இருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். வாரம் ஒரு நாள், உதாரணமாக ஜும்ஆ முடிந்து வந்த பிறகு, இதற்கென வைத்துக்கொண்டால் மறக்காது.

நான்காவது, இமெயிலுக்கும் வங்கிக்கும் வெவ்வேறு பாஸ்வேர்டு, இரண்டு கட்டச் சரிபார்ப்பு. இமெயில் பறிபோனால் மற்றவை எல்லாம் அதன் பின்னால் போய்விடும்.

வைரஸ் வந்துவிட்டால்

பதற வேண்டாம். முதலில் வைஃபையைத் துண்டியுங்கள். செருகியிருக்கும் பென் டிரைவ், ஹார்டு டிஸ்க்கைக் கழற்றுங்கள். அந்தக் கணினியில் எந்தப் பாஸ்வேர்டையும் தட்டச்சு செய்யாதீர்கள். வேறொரு போனிலிருந்து இமெயில், வங்கிப் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். எல்லாச் சாதனங்களிலிருந்தும் 'லாக் அவுட்' செய்யுங்கள். பிறகு டிஃபெண்டரின் 'ஆஃப்லைன் ஸ்கேன்' வசதியால் சோதியுங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே பாதுகாப்பானது.

ரான்சம்வேர் என்றால் பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தாலும் கோப்பு திரும்பும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. 2016இல் நெதர்லாந்து போலீஸாரும் யூரோபோலும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் சில வகைகளுக்கு இலவச சாவிகள் உள்ளன. வங்கிப் பணம் போய்விட்டால் இந்தியாவில் உள்ளவர்கள் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்கி மீட்க வாய்ப்பு அதிகம். இலங்கையில் உள்ளவர்கள் 'ஸ்ரீலங்கா சேர்ட்' அமைப்பை அணுகலாம்.

பிறருடைய விவரங்கள் அந்தக் கணினியில் இருந்தால், அவர்களுக்கும் ஜமாஅத்துக்கும் தெரிவிப்பது நம் கடமை. நம் கௌரவத்துக்காக மறைத்தால், அந்த எண்களுக்கு வரும் மோசடி அழைப்புகளுக்கு அவர்கள் ஏமாறக்கூடும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

தவறாக எதையோ கிளிக் செய்த பிள்ளை, வாப்பா அடிப்பார் என்று பயந்து இரண்டு நாள் மறைத்தால், அந்த இரண்டு நாளில்தான் பாஸ்வேர்டுகள் எல்லாம் போகும். 'எது நடந்தாலும் உடனே வந்து சொல், திட்ட மாட்டேன்' என்று இன்றே சொல்லி வையுங்கள். வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். உம்மாவும் வாப்பும்மாவும் கேட்கக் கூச்சப்படாத அளவுக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுங்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்கச் சொன்ன நபிமொழி திர்மிதியில் உள்ளது. மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை ஒரு பைசா செலவில்லாமல் செய்யக்கூடியவை. இந்த வாரமே ஒரு மணி நேரம் ஒதுக்கி, பிள்ளைகளையும் அருகில் வைத்துக்கொண்டு செய்து முடியுங்கள், இன்ஷா அல்லாஹ்.

நம் குடும்பங்களையும், நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களையும் வல்ல அல்லாஹ் பாதுகாப்பானாக! ஆமீன்.